ஆஷ்கோம் அண்டர் வூட்டை வதிவிடமாகவும் கொண்ட

இந்தப் பொலிஸ் நிலையத்தில் தரும் தேநீரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பால் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். விசாரணை அதிகாரி துர்க்கா தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டில் இப்படிப்பட்ட வேலைகளில் இருப்பதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. தகப்பனார் ஊரில் எவடம் என்று கேட்டேன்.

"அங்கிள், அது இப்ப இம்போர்ட்டன்ட் இல்லை. நீங்க இங்லண்ட் போன ட்ரிப்பில இருந்து ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். தமிழ் தடுமாறுகிறது, ஆனால் மரியாதை இருக்கிறது. நல்ல குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டது நான்தான். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்', 'சிவபதம் அடைந்தார்' மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போடுகிறவர். அப்படிப்பட்டவர் கையில் என் வார்த்தைகளைக் கொடுக்க மனம் வரவில்லை.

என் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. வயது அறுபத்து மூன்று. விட்பியில் இருக்கிறேன். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து வெயார்ஹவுஸ் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அது சாப்பாட்டுக்குச் செய்தது. என்னுடைய வேலை என்று நான் சொல்வது மரண அறிவித்தல் எழுதுவதை. இருபத்தைந்து வருடமாக ரொறன்ரோவில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் வீட்டுக்காரர் முதலில் டொக்டருக்கு ஃபோன் எடுப்பார்கள், அடுத்தது எனக்கு. சில வீடுகளில் எனக்குத்தான் முதலில் எடுத்திருக்கிறார்கள்.

இதை இங்கிலாந்துப் பொலிசாரும் வாசிப்பார்கள் என்பதால் விளக்குகிறேன். எங்கள் அறிவித்தலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். பிறகு யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருக்குத் தாய், யாருக்கு மாமி, யாருக்குச் சகோதரி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கும் இடம். கடைசியில் தொடர்புக்கு நாடு வாரியாகத் தொலைபேசி இலக்கங்கள். வானொலியில் மூன்று நேரமும் வாசிப்பார்கள், இணையத்தில் நிரந்தரமாக நிற்கும். சனம் செத்தவரின் பெயரைக் கேட்டு ஒரு முறை 'ஐயோ' சொல்லும். அதற்குப் பிறகு கவனமாகக் கேட்பது அடைப்புக்குறிகளைத்தான்.

ஒரு பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை வீட்டுக்காரர் ஒரு மருமகனின் பெயரைத் தர மறந்துவிட்டார்கள். அந்த மனிதர் பூதவுடல் பார்வைக்கு வந்து, பெட்டிப் பக்கமே போகாமல், நேரே என்னிடம் வந்து, "அண்ணை, அப்ப நானும் செத்துப்போனனோ?" என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் ஒரு பிறந்தநாள் என்றால் இரண்டு கேக் இரண்டு மண்டபத்தில் வெட்டுகிறார்கள். அன்றிலிருந்து நான் கறாராகிவிட்டேன். சொல்வழி கேட்காமல் கலியாணம் முடித்த மகள், வெள்ளைக்காரியோடு போன மகன், இவர்களையெல்லாம் போடவேண்டாம் என்று தகப்பன்மார் கத்துவார்கள். நான் போடவைப்பேன். என் கையால் எழுதிய அறிவித்தலில் ஒரு பிள்ளையும் விடுபட்டதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

நேற்று என் கணினியை எடுத்துப் போனார்கள். அதில் இருக்கும் ஒரு கோப்புக்கு விளக்கம் வேண்டுமாம். அதற்கு வருகிறேன். எதையும் ஒழுங்கில் சொல்வதுதான் என் பழக்கம்.

எங்கள் அம்மா பாலேஸ்வரிக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள், நானும் தங்கை விஜயலோஜினியும். லோஜினி என்று கூப்பிடுவோம். வயது ஐம்பத்து நான்கு. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவன் நான். மாப்பிள்ளை ஜெயரட்ணம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஒரு செத்தவீடு என்றால் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். அவர் திருப்பொற்சுண்ணம் படித்தால் அழாத ஆள் இல்லை. கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் கைநீட்டுவார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒழுங்குக்காகச் சொல்கிறேன். லோஜினியின் மணிக்கட்டு இரண்டு தடவை முறிந்தது. இரண்டு தடவையும் வீட்டுப் படியில் விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது நான்தான். அவர்கள் இருந்தது எட்டாம் மாடி அபார்ட்மென்ட் ஒன்றில், உள்ளே படியே கிடையாது. ஒருவரும் கேட்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெயரட்ணம் சங்கக் கூட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, அவள் ஒரு கைப்பையோடு வெளிக்கிட்டுவிட்டாள். பெண்கள் காப்பகம் ஒன்றில் சில மாதம் இருந்தாள். பிறகு வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்து இங்கிலாந்துக்குப் போனாள். மாதம் ஒருமுறை அம்மாவுக்கு எடுப்பாள். இங்கிலாந்தில் எங்கே என்று சொல்லமாட்டாள்.

அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். பதில் சொல்வதற்கு இங்கே நான் இருந்தேன். கோயில் வாசலில், கலியாண மண்டபத்தில், சாவுப் பார்வையில், எங்கே போனாலும் ஒருவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போவார். "அண்ணை, தங்கச்சியின்ர அலுவல் என்ன மாதிரி?" ஏழு வருடம். ஜெயரட்ணம் கெட்டிக்காரன். தன்னிடம் கேட்பவர்களுக்கு, "தமையனிட்டக் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பார்.

இந்த வருடம் மே மாதம் லண்டனில், ஹரோவில், ஒரு கலியாணத்துக்குப் போனேன். அம்மா மிளகாய்த்தூள், ஒடியல் மா, இரண்டு சீலை எல்லாம் பார்சல் கட்டித் தந்து, "ஒருக்காக் கண்ணால பாத்திட்டு வா, ராசா" என்று அழுதா. லோஜினி மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் இடத்தைச் சொன்னாள்.

"அண்ணை, அம்மாவில சத்தியம் பண்ணுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

பண்ணினேன்.

ரயிலில் இரண்டு மணித்தியாலம், பிறகு ஒரு நாளைக்கு மூன்றே தடவை ஓடும் பஸ். ஊரின் பெயர் ஆஷ்கோம் அண்டர் வூட். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு ஊருக்கு மூன்று சொல். இருபத்தைந்து வருடத்தில் நான் அடைப்புக்குறிக்குள் போட்டதெல்லாம் ஸ்காபரோ, மார்க்கம், ஈஸ்ட்ஹாம், பாரிஸ், சூரிச். பணக்காரர் இருக்கும் யூனியன்வில்லை யாராவது சொன்னாலே நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவேன். இப்படி ஒரு பெயர் என் கைக்கு வந்ததே இல்லை.

பஸ்ஸால் இறங்கினால் எதிரே காடு. பெரிய ஓக் மரங்கள், வழுவழுப்பான பட்டையோடு பீச் மரங்கள், நடுவில் ஒற்றையடிப் பாதை. பாதையின் இரண்டு பக்கமும் மண் தெரியாமல் நீலப் பூ. "உது புளூபெல், அண்ணை. மூண்டு கிழமைதான் நிக்கும்" என்று லோஜினி சொன்னாள். அந்தப் பாதையால் பத்து நிமிடம் நடந்தால் ஊர். நாற்பது வீடு இருக்கும், எல்லாம் கல் வீடு. வீடுகளுக்கு இலக்கம் இல்லை, பெயர்தான். ஒரு பழைய தேவாலயம், ஒரு பியர்க் கடை, தபால் பெட்டி ஒன்று. நான் விட்பியில் 401 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பவன். முதல் நாள் எனக்குக் காது அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். விரலை விட்டுக் குடைந்துகூடப் பார்த்தேன். காதில் ஒரு பிழையும் இல்லை, ஊரில்தான் சத்தம் இல்லை.

அங்கே மூன்று நாள் இருந்தேன். பதினொரு பேரைச் சந்தித்தேன். பதினொரு பேரும் மழை வருமா வராதா என்று கதைத்தார்கள். ஒருவர்கூட நான் யார், எவடம், லோஜினிக்கு என்ன முறை, இவளுடைய புருசன் எங்கே என்று கேட்கவில்லை. அண்ணன் என்று நானாகவே சொன்னபோது, "ஓ, நல்லது" என்றுவிட்டு மறுபடி மழைக்குப் போனார்கள். எனக்கு அது பெரிய அவமரியாதையாகப் பட்டது. மனிதர்கள் மனிதர்களை இப்படியா நடத்துவது?

"இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். அதுதான் அண்ணை எனக்குப் பிடிச்சது" என்றாள் அவள். அவளுடைய பெயரைக்கூட அவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். 'லோ' என்கிறார்கள். விஜயலோஜினி என்று அப்பா நாள் பார்த்து வைத்த பெயர்.

தேவாலயத்துக்கு வெளியே ஒரு அறிவித்தல் பலகை. தொழில் பழக்கம், நின்று வாசித்தேன். ஒரு மரண அறிவித்தல் இருந்தது. அதை அப்படியே தருகிறேன்: 'டொம் போய்விட்டார். வெள்ளி பதினொரு மணி. பிறகு மண்டபத்தில் தேநீர். அவருடைய நாயை எடுக்க விருப்பமுள்ளவர்கள் ஜீனிடம் கதைக்கவும்.' முடிந்தது. பிறப்பிடம் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, பிள்ளைகள் எத்தனை, எந்த நாடு, ஒரு மண்ணும் இல்லை. நாய்க்கு மட்டும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்துக் கல்லறைகளையும் பார்த்தேன். ஒரு கல்லில் 'எமிலி. தோட்டத்தை விரும்பியவள்' என்று மட்டும் வெட்டியிருந்தது. யாருடைய எமிலி? யாருக்கு மனைவி? நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். லோஜினி அந்தக் கல்லுக்குப் பக்கத்து வாங்கில் இருந்துதான் மத்தியானம் சாப்பிடுவாளாம். "ஏன், நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அவளுடைய வீட்டின் பெயர் ஹொலி கொட்டேஜ். தேவாலயத்துக்கு இடப்பக்கப் பாதையால் போய், முள் இலை வேலி தாண்டி மூன்றாவது படலை. பச்சைக் கதவு. பின்கதவு குசினிக்குள் திறக்கும். நான் கவனித்தேன், அதற்கு அவள் பூட்டுப் போடுவதில்லை.

"முதல் ரெண்டு வருசம் மூண்டு பூட்டுப் போட்டனான் அண்ணை. பூட்டிப்போட்டு எழும்பி எழும்பிப் பாப்பன். ஒரு நாள் மறந்துபோய்ப் படுத்திட்டன். விடிய எழும்பிப் பாத்தா ஒண்டும் நடக்கேல்லை. பிறகு விட்டிட்டன்." இதை அவள் ஒரு சாதனை மாதிரிச் சொன்னாள்.

பக்கத்து வீட்டில் மிஸஸ் பிரிட்சர்ட் என்று ஒரு கிழவி, எழுபத்தெட்டு வயது. ஒரு நாயும் ஏழு கோழியும். பின்பக்கத்தால் தட்டாமல் உள்ளே வந்து முட்டை வைத்துவிட்டுப் போவார். வியாழக்கிழமைகளில் மட்டும் மகன் வந்து பட்டணத்துக்குக் கூட்டிப்போவான். இரண்டாம் நாள் பின்னேரம் வேலியடியில் நின்று அவர் ஏதோ சொல்ல, லோஜினி தலையைப் பின்னுக்குச் சரித்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் சிரித்த சிரிப்பு. நான் குசினி ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஏழு வருடம் ஊருக்குப் பதில் சொன்னவன் நான். இவள் இங்கே முட்டைக்காரியோடு நின்று சிரிக்கிறாள்.

ஒக்டோபர் பதினெட்டாம் திகதி அம்மா காலமானா. லோஜினி எடுத்து அழுதாள். அழுது முடிந்ததும், "அண்ணை, அறிவித்தலில என்ர பேரைப் போடாதேங்கோ" என்றாள்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். பாலேஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள். இருபத்தைந்து வருடம் ஊரார் பெற்ற பிள்ளையெல்லாம் விடுபடாமல் எழுதியவன், சொந்தத் தாயின் அறிவித்தலில் பெற்ற மகளை விடுவதா? சனம் என் முகத்தில் துப்பாதா? பெயரை மட்டும் போட்டு இடத்தைப் போடாமல் விட்டால் இன்னும் மோசம். அடைப்புக்குறி இல்லாத பெயரைக் கண்டால், செத்துவிட்டாளாக்கும் அல்லது ஓடிவிட்டாளாக்கும் என்றுதான் சனம் நினைக்கும். லண்டன் என்று பொதுவாகப் போட்டிருக்கலாமே என்று துர்க்கா கேட்டார். அவள் லண்டனில் இல்லையே, பிள்ளை. நான் அறிவித்தலில் பொய் எழுதியவன் அல்ல.

அதனால் முறைப்படி போட்டேன். அன்பு மகள் விஜயலோஜினி, அடைப்புக்குறிக்குள் ஆஷ்கோம் அண்டர் வூட், இங்கிலாந்து. தொடர்புக்கு, மகன், கனடா, என் இலக்கம். மகள், இங்கிலாந்து, அவளுடைய இலக்கம். மருமகன் என்ற இடத்தில் ஜெயரட்ணம். வானொலியில் வாசித்த பிள்ளை அந்த ஊர்ப் பெயரில் கொஞ்சம் தடக்கியது. இரண்டாம் தரம் வாசிக்க முதல் நான் எடுத்துத் திருத்திக் கொடுத்தேன்.

எத்தனை பேர் எடுத்தார்கள் தெரியுமா? "அண்ணை, தங்கச்சி உப்பிடி ஒரு இடத்திலயோ இருக்கிறா? கேக்கவே பெரிய இடம் மாதிரிக் கிடக்கு." ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முழங்கையை ஒருவரும் பிடிக்கவில்லை, கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மா செத்த கவலையிலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

லோஜினிதான் பிரச்சினை பண்ணினாள். "அண்ணை, ஃபோன் நிக்காம அடிக்குது. எடுத்தா மற்றப் பக்கம் ஒருத்தரும் கதைக்கினமில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது. என்ன வேலை அண்ணை பாத்தனீங்கள்?" இணையத்தில் இருப்பதையாவது எடுக்கச் சொன்னாள். எடுத்தால் திருத்திய அறிவித்தல் என்று மேலே போடவேண்டும், அது அம்மாவுக்கு மரியாதை இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவள் இலக்கத்தை மாற்றிவிட்டாள். "தையோட நான் இஞ்சயிருந்து வேற இடம் போறன். இனி உங்களுக்கும் சொல்லமாட்டன்" என்றாள். அம்மாவின் முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இடத்திலிருந்து எடுப்பாளாம், அதற்குப் பிறகு ஒருநாள் விடைபெற எடுப்பாளாம், அதோடு சரியாம்.

யோசித்தேன். அவள் இடம் மாறினால் நான் போட்ட வதிவிடம் பிழையாகிவிடும்.

ஜெயரட்ணம் செத்தவீட்டில் தங்கமாக நடந்துகொண்டார். கதிரை அடுக்கினார், பொற்சுண்ணம் படித்தார், "மச்சான், மாமி எனக்கும் தாய்தானே" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். லோஜினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை, அறிவித்தலில் எல்லாம் இருந்தது.

நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தோராம் நாள். அன்றைக்கு வெளியிடும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். அம்மாவின் கல்வெட்டை நானே எழுதி அச்சடித்தேன். செத்தவரின் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் அது போய்ச் சேரவேண்டும், தபாலில் போடுகிற சாமான் இல்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்து விடுவதுதான் எங்கள் வழக்கம். மிளகாய்த்தூளில் இருந்து தாலிக்கொடி வரைக்கும் இந்தச் சமூகம் அப்படித்தான் உலகம் முழுக்க அனுப்புகிறது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபிறகு ஜெயரட்ணம் பக்கத்தில் வந்து இருந்தார். "மச்சான், நான் வாற கிழமை லண்டன் போறன். அவவின்ர கல்வெட்டைத் தாங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்." பிறகு, "தனியக் கதைக்கவேணும். ஒருத்தரும் குறுக்க வராத நேரமாச் சொல்லுங்கோ" என்றார். அப்போதுதான் சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடலில் எனக்குப் பொன்னாடை போர்த்தி 'அறிவித்தல் செம்மல்' என்று பட்டம் கொடுக்க யோசிப்பதாகவும் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பட்டத்துக்கு நான் எப்போதோ தகுதியானவன்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். கல்வெட்டு, அம்மாவின் சங்கிலி, முப்பத்தோராம் நாள் பலகாரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு இலக்கம் இல்லை என்பதால் ஒரு தாளில் வழியை எழுதினேன். தேவாலயத்துக்கு இடப்பக்கப் பாதை, முள் இலை வேலி, மூன்றாவது படலை. காட்டுக்குள் ஃபோன் வேலை செய்யாது. பக்கத்து வீட்டுக் கிழவி வியாழக்கிழமை இருக்கமாட்டா. பின்கதவு பூட்டுவதில்லை. இந்தத் தாளைத்தான் இங்கிலாந்துப் பொலிசார் அவருடைய சட்டைப் பையில் எடுத்தார்கள். கையெழுத்து என்னுடையதுதான். இவ்வளவு தெளிவாக வழி எழுதுகிறவர்கள் இப்போது குறைவு.

அவர் பையை வாங்கிக்கொண்டு எழும்பும்போது முகத்தைப் பார்த்தேன். துர்க்கா திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான், நான் என்ன பார்த்தேன் என்று. ஆஸ்பத்திரியில் லோஜினியின் கையைப் பிளாஸ்டரில் போட்டுக்கொண்டிருந்த நேரம் வெளியே வாங்கில் இருந்த அதே முகம். அமைதியாக, நன்றாகச் சவரம் செய்து, பசியாறிய முகம். அது எப்போது வரும் முகம் என்று எனக்குத் தெரியும். அவர் காரை எடுக்கும்வரை வாசலில் நின்று கையைக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு லோஜினி விடைபெற எடுத்தாள். "பிள்ளை, வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில நில். அம்மான்ர கல்வெட்டும் சங்கிலியும் கொண்டு ஆள் வருது" என்றேன்.

"ஆர் அண்ணை?"

"எங்கட ஆள்தான்."

"அண்ணை, அவருக்கு என்ர வீடு எது எண்டு தெரியாதுதானே?" என்றாள்.

'தெரியாது' என்று நீங்கள் சொன்னீர்களா என்று துர்க்கா கேட்டார். சொல்லவில்லை. "நீ பயப்பிடாதை" என்றுதான் சொன்னேன். நான் பொய் சொல்வதில்லை என்று முதலே எழுதியிருக்கிறேன்.

"அம்மான்ர சங்கிலியோ, அண்ணை" என்று அழுதாள். நிற்கிறேன் என்றாள். நின்றாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை அங்கே கடும் மழை, மிஸஸ் பிரிட்சர்ட்டின் மகன் வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாய் குரைத்ததைக் கேட்டு, கிழவி நிலக்கரி அள்ளும் சவளோடு பின்கதவால் போய், சங்கத் தலைவரின் மண்டையில் போட்டிருக்கிறா. எழுபத்தெட்டு வயதில். கொஞ்சம் பிந்தித்தான் போயிருக்கிறா. ஜெயரட்ணம் இப்போது அவர்களுடைய காவலில். லோஜினி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். குசினி மேசையில் கல்வெட்டு நனையாமல், கசங்காமல் இருந்ததாம். அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தேன்.

இனி அந்தக் கோப்பு.

என் கணினியில் முற்கூட்டியே எழுதிவைத்த அறிவித்தல்கள் பல இருக்கின்றன. அது தொழில் முறை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற, டொக்டர் கைவிட்ட பெரியவர்களின் விபரங்களைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆயத்தமாக வைத்திருப்பேன். கடைசி நேர அவசரத்தில்தான் பெயர்கள் விடுபடுகின்றன. எல்லோரும் எண்பதுக்கு மேல் என்பது உண்மை. ஒருவரைத் தவிர என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், இங்கிலாந்து ஆஷ்கோம் அண்டர் வூட்டை வதிவிடமாகவும் கொண்ட விஜயலோஜினி. அந்தக் கோப்பு நவம்பர் பதினெட்டாம் திகதி பின்னேரம் தொடங்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கணினி பிழை சொல்லவில்லை. ஜெயரட்ணத்தின் கார் தெரு முனை திரும்பியதும் உள்ளே போய் இருந்து எழுதினேன். அவர் போவது எதற்கு என்று எனக்குத் தெரியும், அவருக்கு வழி எழுதிக் கொடுத்ததும் அது தெரிந்துதான். ஒளிக்க ஒன்றும் இல்லை. எழுதும்போது கண் கலங்கியது. நன்றாக வந்திருந்தது.

அதில் 'ஜெயரட்ணத்தின் அன்பு மனைவியும்' என்று ஏன் இருக்கிறது என்று துர்க்கா குரலை உயர்த்திக் கேட்டார். வேறு என்ன போடுவது? அவர்கள் சட்டப்படி பிரியவில்லை. அந்த வரியைப் போடாவிட்டால் முதலில் கேட்பது உங்கள் தகப்பனாராகத்தான் இருக்கும்.

நேற்று லோஜினி கண் விழித்தாளாம். சொந்தக்காரர் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று நேர்ஸ் கேட்டதற்கு மிஸஸ் பிரிட்சர்ட்டின் பெயரைச் சொன்னாளாம். சகோதரர்கள் இருக்கிறார்களா என்றதற்கு, இல்லை என்று சொன்னாளாம். துர்க்கா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதிர்ச்சி அடையவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகம் இப்படிப் பிசகுவது உண்டு. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் கோப்பில் அவளுக்கு அண்ணன் இருக்கிறான், 'பாசமிகு சகோதரியும்' என்று முறையாகப் போட்டிருக்கிறேன். கோழி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரியைச் சேர்க்க எங்கள் அறிவித்தலில் இடமும் இல்லை.

எழுதியது எல்லாம் நானாக, சுயநினைவோடு எழுதியது. கீழே கையொப்பம் வைத்திருக்கிறேன்.

துர்க்கா பிள்ளை, ஒன்றே ஒன்று. கணினியைத் திருப்பித் தரும்போது அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். திகதி ஒன்றுதான் இன்னும் போடவேண்டியிருக்கிறது.